மிர்-10பியைத் தேடிச் சென்ற இரும்புத் துகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022-ஆம் ஆண்டில் ‘ஃபிரான்டியர்ஸ் இன் ஆன்காலஜி’ என்னும் மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வறிக்கையின் நோயாளி, வீட்டில் வளர்ந்த ஒரு பூனை. அதன் பால்மடியில் தானாகத் தோன்றிய புற்று, மூலக் கட்டியைத் தாண்டி உடலின் வேறு பகுதிகளுக்கும் ஏற்கெனவே பரவியிருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் பிணைக்கப்பட்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. எதிர்ப்பு மருந்தை அந்தப் பூனையின் சிரை வழியே செலுத்தி, எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு அது பரவல் கட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்ததைக் காட்டினார்கள். மருந்தின் பெயர் எம்.என்-ஆன்ட்டி-மிர்10பி; மிர்-10பி என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தடுப்பது அது. அதற்கு முன் இந்த மருந்து சுண்டெலிகளின் உடலில் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்தது.

ஒரே ஒரு விலங்கில் நடந்த சோதனையை இவ்வளவு விரிவாக ஆராய வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கும் முயற்சிகள் பெரும்பாலும் இடறி விழுந்தது, எந்த மூலக்கூறைத் தாக்குவது என்ற கேள்வியிலன்று. தாக்கும் பொருளைக் கட்டிக்குள் கொண்டுசேர்ப்பது எப்படி, சேர்ந்ததை உறுதிப்படுத்துவது எப்படி என்ற கேள்வியில்தான். அந்தக் கேள்விக்கு ஒரு பூனையின் உடலில் கிடைத்த பதில் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையே இக்கட்டுரை பார்க்கிறது.

மிர்-10பி என்னும் இலக்கு

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட மிகச் சிறிய ஆர்.என்.ஏ. இழை. அது எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.க்களோடு ஓரளவு பொருந்தி ஒட்டிக்கொண்டு, அவற்றை வாசிக்க விடாமல் தடுப்பதோ சிதைப்பதோ அதன் வேலை. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஓர் உருளைப்புழுவில் இதை முதன்முதலாகக் கண்டார்கள். 2024-இல் அதற்காக மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், ஒரே ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பல நூறு மரபணுக்களின் வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கும் என்பதும், புற்றுச் செல்களில் இந்தச் சமநிலை குலைந்திருக்கும் என்பதும் தெளிவாயின.

மார்பகப் புற்றுநோயில் மிர்-10பி பேசப்படத் தொடங்கியது 2007-இல். புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய லி மா, பரவும் தன்மை கொண்ட மார்பகப் புற்றுச் செல்களில் இந்த மூலக்கூறு மிகுந்து காணப்படுவதை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். பரவாத செல்களில் இதைச் செயற்கையாகக் கூட்டியபோது அவையும் சுற்றியுள்ள திசுக்களுக்குள் ஊடுருவிப் பரவத் தொடங்கின. அவர் காட்டிய சங்கிலி இது: டுவிஸ்ட் என்னும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் மிர்-10பியை முடுக்குகிறது; மிர்-10பி, ஹாக்ஸ்-டி10 என்னும் புரதம் உருவாவதைத் தடுக்கிறது; ஹாக்ஸ்-டி10 குறைந்தால், செல்லை நகரவைக்கும் ரோ-சி என்னும் புரதம் கட்டவிழ்ந்து பெருகுகிறது. இந்தச் சங்கிலியில் ஹாக்ஸ்-டி10-ஐ வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிர்-10பி உண்மையில் அடக்கப்பட்டதா என்பதற்குப் பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் சாட்சியாக நிற்பது அதுதான்.

கண்டுபிடிப்பு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டே அதே இதழில், ஆரம்பகட்ட மார்பகப் புற்று நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்த மற்றொரு குழு, மூலக் கட்டியிலுள்ள மிர்-10பி அளவுக்கும் பிற்பாடு நோய் பரவியதற்கும் தொடர்பு தென்படவில்லை என்று எழுதியது. இந்த முரண்பாடு முக்கியமானது என்று கருதுகிறேன். மூலக் கட்டி என்பது பல வகைச் செல்கள் கலந்த கூட்டம்; அதை மொத்தமாக அரைத்து அளந்தால், பரவப் புறப்படும் சில செல்களின் குரல் கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். மிர்-10பியின் பங்கு இடத்தைப் பொறுத்து மாறுகிறது, மூலக் கட்டியில் ஒன்றாகவும் பரவிய இடத்தில் வேறொன்றாகவும் இருக்கிறது என்ற எண்ணம் சில ஆண்டுகளுக்குப் பிறகே வலுப்பெற்றது.

2010-இல் லி மாவும் உடன் பணியாற்றியவர்களும் மிர்-10பியோடு இணைந்து அதைச் செயலிழக்கச் செய்யும் எதிரிழை ஒன்றை, எந்த வாகனமும் இன்றி, மார்பகக் கட்டியுள்ள சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். மூலக் கட்டி சுருங்கவில்லை. நுரையீரலில் தோன்றும் பரவல் கட்டிகளோ பெருமளவு குறைந்தன. ஆனால் தடை பலித்தது பரவலின் தொடக்கக் கட்டத்தில், அதாவது செல்கள் கட்டியிலிருந்து கிளம்பும் கட்டத்தில். முன்பே வேறிடத்தில் குடியேறிவிட்ட செல்களை அது என்ன செய்யும் என்பதே மருத்துவருக்கு வேண்டிய விடை. மார்பகப் புற்றால் நேரும் மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமாவது எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் மூளையிலும் வேரூன்றிய பரவல்தான். மார்பிலுள்ள மூலக் கட்டியை அறுவைசிகிச்சையால் அகற்றிவிடலாம்.

வாகனம்

வெறும் எதிரிழையை ரத்தத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்துள்ளன. வேதிமாற்றம் செய்து இழையை உறுதிப்படுத்தினாலும், அளவில் மிகச் சிறியதாகையால் சிறுநீரகம் அதை விரைவில் வடித்து வெளியேற்றிவிடும். எஞ்சியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் உறிஞ்சிக்கொள்ளும். இலக்கே கல்லீரலில் இருந்தால் இது வசதிதான். ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எதிராக மிர்-122-ஐத் தடுக்கும் மிராவிர்சென் என்ற மருந்து, எந்த வாகனமும் இல்லாமல் தோலுக்கடியில் போட்ட ஊசியிலேயே மனிதரில் வைரஸின் அளவைக் குறைத்தது. 2013-இல் அதன் முடிவுகள் வெளியாயின. எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ ஒளிந்திருக்கும் மார்பகப் புற்றுச் செல்லுக்கு அத்தகைய இயல்பான வழி ஏதும் இல்லை.

பாஸ்டனில் உள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்த்ராவ்கா மெதரோவாவும் ஆன்னா மூரும் தேர்ந்தெடுத்த வாகனம் இரும்பு. அவர்கள் இருவரும் முதலில் மருத்துவப் படமெடுப்புத் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது; மருந்தைத் தேடி அவர்கள் இரும்புத் துகளுக்கு வரவில்லை, எம்.ஆர்.ஐ.யில் தெரியும் இரும்புத் துகளை முன்பே கையில் வைத்திருந்து அதன்மேல் மருந்தை ஏற்றினார்கள். அதே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2003-இலேயே, டெக்ஸ்ட்ரான் பூசிய இரும்பு ஆக்சைடு துகள்களைச் செலுத்தி, புரோஸ்டேட் புற்று நிணநீர்க் கணுக்களுக்குள் பரவியிருப்பதைப் படத்தில் காட்டியிருந்தார்கள்.

துகளின் நடுவே சில நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடு படிகம் இருக்கிறது. அதைச் சுற்றி டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள், ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கப்பட்டு, ஒரு மேலுறைபோல் மூடியுள்ளன. முழுத் துகளின் அளவு இருபது முப்பது நானோமீட்டர். இந்த அளவு தற்செயலாக அமைந்ததன்று. ஆறு நானோமீட்டருக்குக் கீழே போனால் சிறுநீரகம் வடித்துவிடும். நூற்றைத் தாண்டினால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் விரைவில் பிடித்துவிடும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் துகள் பல மணி நேரம் ரத்தத்தில் சுற்றி, புற்றுக்கட்டியின் பழுதான ரத்தக்குழாய்களில் உள்ள இடைவெளிகள் வழியே கசிந்து உள்ளே போகும் வாய்ப்பைப் பெறுகிறது.

சர்க்கரை உறையின் மேல் எதிரிழைகள் கந்தக அணுக்கள் இரண்டு சேர்ந்த டைசல்ஃபைடு பிணைப்பால் பொருத்தப்படுகின்றன. இந்தப் பிணைப்பு ரத்தத்தில் ஓரளவு நிலைத்து நிற்கும். செல்லுக்குள் குளூட்டாதையோன் என்னும் பொருள் வெளியிலிருப்பதைவிடப் பல நூறு மடங்கு செறிவாக இருப்பதால், அங்கே போனதும் பிணைப்பு அறுந்து இழை விடுபடும். இழையில் எல்.என்.ஏ. எனப்படும், சர்க்கரை வளையம் பூட்டப்பட்ட செயற்கை எழுத்துகள் சேர்க்கப்பட்டுள்ளன. அவை நொதிகளுக்கு எளிதில் இரையாவதில்லை என்பதோடு, இலக்கை இறுகவும் பற்றிக்கொள்கின்றன.

சோதனைக்கூடத்துக்கு வெளியிலுள்ள வாசகருக்கு இரும்பு என்றதும் எழும் அச்சத்துக்கும் இங்கே விடை உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெருமாக்சிட்டால் என்னும் இரும்பு ஆக்சைடு மருந்து, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் ரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. துகள் சிதைந்ததும் அதன் இரும்பு உடலின் இரும்புச் சேமிப்போடு கலந்துவிடுகிறது. அம்மருந்துக்குக் கடும் ஒவ்வாமை குறித்த எச்சரிக்கை 2015-இல் வலுவாக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரிந்த பொருள் என்பதற்காக ஆபத்தே இல்லாத பொருள் என்று ஆகிவிடாது.

சுண்டெலிகளில் நடந்தது

2013-இல் வெளியான முதல் முக்கிய ஆய்வில், எம்.டி.ஏ-எம்.பி-231 என்னும் மனித மார்பகப் புற்றுச் செல் வரிசையிலிருந்து உருவாக்கப்பட்ட, நிணநீர்க் கணுவுக்குப் பரவக்கூடிய ஒளிரும் செல்கள் சுண்டெலியின் மார்பகக் கொழுப்பில் பதிக்கப்பட்டன. பரவுவதற்கு முன்பே நானோ மருந்தைத் தொடங்கியபோது பரவல் தடுக்கப்பட்டது. கணுக்களில் பரவிய பிறகு தொடங்கியபோது பரவல் அத்தோடு நின்றது. மூலக் கட்டியோ தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே விலங்கின் ஒரே புற்றுச் செல் வரிசை, இருக்கும் இடத்தைப் பொறுத்து மிர்-10பியைச் சார்ந்தும் சாராமலும் இருந்தது என்பதே அந்த ஆய்வின் மையச் செய்தி. 2008-இல் எழுந்த முரண்பாட்டுக்கு இது ஒரு விளக்கமாக அமைகிறது.

‘நின்றது’ என்பது ‘அழிந்தது’ ஆகாது. மருந்து செல்களின் நகர்வையும் பெருக்கத்தையும் மட்டுப்படுத்தினாலும், எஞ்சிய செல்கள் பிளவுபட்டுக்கொண்டிருந்தால் நோய் திரும்பும். எனவே 2015-இல், மார்பகப் புற்றுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் டாக்சோரூபிசினைக் குறைந்த அளவில் உடன் சேர்த்தார்கள். பெருக்கத்தை டாக்சோரூபிசின் தடுத்துவைத்த வேளையில் மிர்-10பி அடக்கம் மீதமிருந்த செல்களைச் சாகடித்தது. நிணநீர்க் கணுப் பரவல் முழுமையாக மறைந்தது, சிகிச்சை நின்ற பிறகும் திரும்பவில்லை. 2017-இல் இன்னும் கடினமான மாதிரியை எடுத்தார்கள். 4டி1 என்னும் சுண்டெலி மார்பகப் புற்று, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றாத எலியில் நுரையீரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் பரவி, மனிதரின் நான்காம் கட்ட நோயை ஒத்திருக்கும். வாரம் ஒரு முறை நானோ மருந்தும் குறைந்த அளவு டாக்சோரூபிசினும் கொடுத்ததில் 65 விழுக்காட்டு விலங்குகளில் தொலைதூரப் பரவல் கட்டிகள் முற்றிலும் மறைந்தன, மரணங்களும் குறைந்தன, பரவிய இடங்களில் ஹாக்ஸ்-டி10 உயர்ந்தது.

மீதமுள்ள 35 விழுக்காட்டு விலங்குகளும் என் கவனத்தை ஈர்க்கின்றன. ஒரே மரபுவழி, ஒரே செல் வரிசை, ஒரே அளவு மருந்து என எல்லாம் ஒத்திருந்தும் மூன்றில் ஒரு பங்கு விலங்குகளில் கட்டி முழுதாக மறையவில்லை. பலவகை மரபும் பல ஆண்டுச் சிகிச்சை வரலாறும் கொண்ட மனிதரில் இந்த வேறுபாடு எவ்வளவு விரியும் என்று எண்ணிப் பார்க்கலாம். எலியில் செலுத்திய செல்களால் சில வாரங்களில் உருவாகும் கட்டிக்கும், உடலுக்குள்ளேயே பல மாதங்கள் மெல்ல வளர்ந்து அதன் ரத்தக்குழாய்களையும் சுற்றுச் சூழலையும் தானே அமைத்துக்கொண்ட கட்டிக்கும் உள்ள இடைவெளியே நானோ மருந்துகள் பலவற்றை விழுங்கியிருக்கிறது. டொராண்டோவில் வாரன் சானின் குழு பத்தாண்டு கால ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2016-இல் கணக்கிட்டபோது, செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியை அடைவது நடுமதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. அதுவும் சோதனை விலங்குகளில்.

பூனை

இந்த இடைவெளியைக் கடக்கத்தான் பூனை தேவைப்பட்டது. பூனைகளின் பால்மடியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பான்மை, எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, தீங்கானவை. அவற்றில் பல ஹார்மோன் ஏற்பிகள் இன்றி, மனிதரின் மும்மை எதிர்மறை மார்பகப் புற்றை ஒத்துள்ளன. நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் விரைந்து பரவுகின்றன. எவரும் செல்களை ஊசியால் பதிக்கவில்லை. வயதான விலங்கின் உடலில், அதன் சொந்த நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்முன்னே, மனிதர் வாழும் அதே வீட்டுச் சூழலில் அக்கட்டி உருவாகிறது. மேலும், வளர்ப்பவர் சிகிச்சை தேடிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் விலங்கு அது. ஆய்வுக்கென்று கூண்டில் வளர்க்கப்பட்டதன்று.

ஆன்னா மூர் இதற்குள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்திருந்தார். கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேயே இருந்தது பெரிய வசதி. மருந்தைத் தொடுவதற்கு முன் குழு ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொண்டது: பூனையின் புற்றில் மிர்-10பி இருக்கிறதா, இருந்தால் எந்தச் செல்களில்? பூனைகளின் மூலக் கட்டிகளிலும் பரவல் கட்டிகளிலும் அதன் அளவையும் இருப்பிடத்தையும் ஆராய்ந்தபோது, மனிதரில் காணப்படுவதோடு அது வெகுவாக ஒத்திருந்தது. இந்தப் படி எளிதாகத் தோன்றினாலும் இதைத் தவறவிட்ட ஆய்வுகள் உண்டு. இலக்கே இல்லாத விலங்கில் மருந்தைச் சோதித்துவிட்டுத் தோல்விக்கு மருந்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

அதன் பிறகே, பரவிய பால்மடிப் புற்று உள்ள ஒரு பூனைக்குச் சிரை வழியே மருந்து செலுத்தப்பட்டது. இரும்பு ஆக்சைடு எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலத்தைத் தன்னைச் சுற்றிச் சிறிது குலைப்பதால், அது குவிந்த திசு சில வகைப் படங்களில் கருத்துத் தெரியும். மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, பரவல் கட்டிகளில் துகள் சேர்ந்திருப்பதை உறுதிசெய்தார்கள். திசுவில் மிர்-10பியின் அளவிலும் ஹாக்ஸ்-டி10-இன் அளவிலும் மருந்துக்குப் பின் குறிப்பிடத்தக்க மாற்றம் இருந்தது. உடனடிப் பாதுகாப்பு குறித்த முதற்கட்டத் தகவல்களும் பதிவாயின.

இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. காட்டுவது இரும்பை; எதிரிழையை அல்ல. பிணைப்பு ரத்தத்திலேயே அறுந்துபோய், இழை சிறுநீரகத்துக்கும் துகள் கட்டிக்கும் தனித்தனியே போயிருந்தாலும் படம் இதேபோல்தான் கருக்கும். துகள் கட்டிக்குள் சேர்ந்திருந்தாலும், அதை விழுங்கியது புற்றுச் செல்லா, கட்டியில் குடியிருக்கும் விழுங்கு செல்லா என்பதையும் படம் மட்டும் பிரித்துச் சொல்லாது. இனி, செல்லின் உள்ளே நுழைந்தபின் எண்டோசோம் என்னும் பையிலிருந்து இழை தப்பி வெளிவர வேண்டும். கொழுப்பு நானோ துகள்களில் அளந்தபோது அவ்வாறு தப்பியது ஓரிரு விழுக்காடுதான். இந்தக் காரணங்களால், அறிக்கையின் மிக வலுவான சான்று படத்தில் இல்லை என்பது என் கருத்து. படமும் மிர்-10பியும் ஹாக்ஸ்-டி10-உம் ஒரே உடலில் ஒரே நிகழ்வைச் சொல்வதில்தான் அது இருக்கிறது. மூன்றில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் வேறு விளக்கங்களுக்கு இடமிருந்திருக்கும். மூன்றும் சேர்ந்து மாறும்போது, துகளோடு இழையும் போய்ச் சேர்ந்து வேலையையும் தொடங்கியது என்பதே எளிய விளக்கம்.

அறிக்கை சொல்லாததையும் சொல்லாமலே விட வேண்டும். பூனை குணமடைந்தது என்றோ அதன் ஆயுள் நீண்டது என்றோ இதிலிருந்து எவரும் முடிவு கட்டக் கூடாது. ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத பூனை இல்லை, அதைக் காட்டுவதற்காக இந்த ஆய்வு வடிவமைக்கப்படவும் இல்லை. மருந்து செல்லும் பாதை திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஏன் இவ்வளவு தயக்கம்

இத்துறையில் இவ்வளவு எச்சரிக்கையோடு அடியெடுத்துவைக்கக் காரணமான முன்நிகழ்வு ஒன்று உண்டு. மிர்-34ஏ என்னும், புற்றைக் கட்டுக்குள் வைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. பல புற்றுகளில் குறைந்துபோகிறது; அதைச் செயற்கையாகச் செய்து, லிப்போசோம் எனப்படும் கொழுப்புக் குமிழியில் அடைத்துத் திருப்பிக் கொடுக்கும் எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மருந்து, 2013-இல் மனிதரில் சோதிக்கப்பட்டது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போலி செய்யும் மருந்து மனிதருக்குக் கொடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. 85 நோயாளிகள் பங்கேற்றார்கள். மூவருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. 16 பேருக்கு நோய் சில மாதங்கள் நிலையாக நின்றது. ஆனால் கடும் நோயெதிர்ப்பு விளைவுகளால் நால்வர் இறந்ததையடுத்து 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது.

அந்தத் தோல்வியை மிர்-10பி மருந்தோடு ஒப்பிடுபவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எம்.ஆர்.எக்ஸ்.34-இல் இருந்தது இரட்டை இழை ஆர்.என்.ஏ.; வைரஸ்களைக் கண்டுபிடிப்பதற்கென்று நம் உடலில் காத்திருக்கும் உணரிகள் இரட்டை இழையைக் கண்டால் எச்சரிக்கை மணி அடிக்கும். மிர்-10பி எதிரிழை ஒற்றை இழை, குட்டையானது, வேதிமாற்றம் செய்யப்பட்டது. மேலும் முன்னது குறைந்ததைக் கூட்டும் மருந்து. பின்னது மிகுந்ததைத் தடுக்கும் மருந்து. எனினும் லிப்போசோம் எங்கெங்கே போனது, எந்தச் செல்கள் அதை உண்டன என்பதை ஒவ்வொரு நோயாளியிலும் காண வழியிருந்திருந்தால், அந்தச் சோதனையிலிருந்து கற்றது இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். தன் பயணத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் வாகனத்தின் மதிப்பு இதுதான்.

மனிதருக்கு

மெதரோவா இணைந்து நிறுவிய டிரான்ஸ்கோட் தெரப்யூடிக்ஸ் என்னும் பாஸ்டன் நிறுவனம் இம்மருந்தை டி.டி.எக்ஸ்-எம்.சி.138 என்ற பெயரில் மனிதச் சோதனைக்குக் கொண்டுசென்றது. 2023-இல் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பூஜ்ஜியக் கட்டம் எனப்படும் சோதனையில், செம்பு-64 என்னும் கதிரியக்கத் தடயம் சேர்த்த மருந்து மிகச் சிறிய அளவில் மனிதருக்குச் செலுத்தப்பட்டது. நோயைத் தீர்ப்பது இதன் நோக்கமன்று, 12.7 மணி நேர அரைவாழ்வு கொண்ட அந்தத் தடயத்தை, கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் கருவியில் பின்தொடர்ந்து, மருந்து பரவல் கட்டியை அடைகிறதா என்று காண்பதே நோக்கம். சுண்டெலிகளில் 2021-இல் இதே முறையால் முன்னோட்டம் பார்க்கப்பட்டிருந்தது. மனிதரிலும் பரவல் கட்டிகளில் கதிரியக்கம் சேர்ந்தது.

நுண்ணளவுச் சோதனையில் ஒரு கண்ணியும் உண்டு. 2020-இல் சானின் குழுவே காட்டியபடி, சுண்டெலியின் கல்லீரலிலுள்ள விழுங்கு செல்களுக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி துகள்களுக்குக் கீழே செலுத்தினால் அவை பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும், அதைத் தாண்டும்போதுதான் கட்டிக்கு மிச்சம் கிடைக்கும். அப்படியானால், நுண்ணளவில் கட்டிக்குள் ஓரளவு சேர்ந்தாலே நல்ல செய்தி. நுண்ணளவில் சேராததைக் கண்டு மருந்து பயனற்றது என்று முடிவு கட்டியிருந்தால் தவறாகப் போயிருக்கும்.

2024-இல் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. இதில் மார்பகப் புற்று மட்டுமின்றிப் பரவிய திடக் கட்டிகள் பலவும் சேர்க்கப்பட்டன, மருந்தும் தனித்தே கொடுக்கப்பட்டது. சுண்டெலிகளில் பரவல் கட்டிகள் மறைந்தது டாக்சோரூபிசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது. தனித்துக் கொடுத்தபோது கணுப் பரவல் நின்றதே தவிர மறையவில்லை. ஆகவே இந்தச் சோதனையில் கட்டி சுருங்காமல் நோய் நிலைத்து நின்றால், அது 2013-ஆம் ஆண்டு ஆய்வு முன்பே கோடிட்டுக் காட்டிய விளைவுதான். அப்போது கேட்க வேண்டியது, நின்ற அந்தக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் ஹாக்ஸ்-டி10 உயர்ந்ததா என்பதையே.